ஒன்பதாம் நம்பர் மலை

கம்போங் ராஜா
13 ஏப்ரல் 2025

அன்புள்ள கத்தரீன் அக்காவுக்கு,

உன் தங்கை வனஸ்ஸா எழுதுவது. இங்கே நானும் என் வீட்டுக்காரர் லியோனார்டும் நலம். என் வலது கால் மட்டும் நலம் இல்லை, நீ கேட்பதற்கு முன்னாலேயே சொல்லிவிட்டேன். உன் முட்டிவலி எப்படி இருக்கிறது? தையல் மெஷினை மிதிக்காதே, மோட்டார் போடு என்று எத்தனை தரம் சொல்வது?

கையில் போனை வைத்துக்கொண்டு இவள் ஏன் கடிதம் எழுதுகிறாள் என்று நீ கத்துவது ஈப்போவிலிருந்து இங்கே கேட்கிறது. எல்லாம் உங்கள் ஊர் ஆஸ்பத்திரியில் எனக்குப் பயிற்சி சொல்லிக்கொடுக்கும் பிசியோ புனிதாவின் உத்தரவு. "கால் மட்டும் இல்லக்கா, கைக்கும் பயிற்சி வேணும். யாருக்காச்சும் லெட்டர் எழுதுங்க. உங்களுக்கு நீங்களே எழுதினா ரெண்டு நாள்ல விட்டுருவீங்க" என்றாள். யாருக்கு எழுதுவது? என்னைத் திட்ட இந்த உலகத்தில் நீ ஒருத்திதான் இருக்கிறாய். சின்னையா அண்ணனின் காய்கறி லோரி வாரம் இரண்டு தரம் ஈப்போ மார்க்கெட்டுக்கு இறங்குகிறது. போகிற வழியில் உன் கடையில் கொடுத்துவிடுவார். முட்டைக்கோஸ் வாசனை அடித்தால் பொறுத்துக்கொள்.

நோயின் பெயர் மல்டிபல் ஸ்கிலிரோசிஸ். அதைச் சொல்வதற்கே ஒரு பயிற்சி வேண்டும். லியோனார்ட் எல்லோருக்கும் சொல்கிற விளக்கம்: "நரம்பு ஒயரு மாதிரி லா. மேல இருக்கிற ரப்பர் தேஞ்சு போச்சு. கரண்டு ஒழுங்கா போகல." குணமாகாதாம். மருந்து அதை மெதுவாக்கும், பயிற்சி மிச்சமிருக்கும் பலத்தைக் காப்பாற்றும்.

இன்று குருத்தோலைப் பவனியில் நடக்க முடியவில்லை. கடைசிப் பெஞ்சில் உட்கார்ந்து ஓலையைப் பிய்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு உட்காரத் தெரியாது அக்கா. பதினெட்டு வருஷம் மண்டோர் வேலை. தேயிலைக் கொழுந்து வெட்டுகிறவர்களை மேற்பார்த்துக்கொண்டு காலையிலிருந்து சாயங்காலம் வரை ஒன்பதாம் நம்பர் மலையில் ஏறி இறங்கியவள். தோட்டத்துத் துரை நேற்று கூப்பிட்டுச் சொல்லிவிட்டார்: "அக்டோபர் முப்பத்தொண்ணு வரைக்கும் லீவு. அன்னைக்கு ஒன்பதாம் நம்பர் மலையை அடியிலேர்ந்து உச்சி வரைக்கும் ஏறிக் காட்டு. ஏறிட்டா வேலை உனக்குத்தான். இல்லாட்டி நான் என்ன செய்யறது லா?" வேலை போனால் இந்த குவார்ட்டர்ஸ் வீடும் போகும். வீடு போனால் எங்கே போவேன் என்று உனக்கே தெரியும்.

அதனால் லியோனார்ட் தான் வேலை செய்யும் காளியண்ணன் பூத்தோட்டத்தில், சாமந்தி போடும் பிளாஸ்டிக் கொட்டகையின் மூலையில், தண்ணீர்க் குழாயை இரண்டு பக்கமும் நட்டுக் கைப்பிடிக் கம்பி செய்திருக்கிறார். நடுவில் நான் நடக்க வேண்டும். மழை படாது, குளிர் படாது. நாளை ஆரம்பம்.

முத்தங்களுடன்,
வனஸ்ஸா

---

ஈப்போ
20 ஏப்ரல் 2025

என் செல்ல வனிக்கு,

உயிர்ப்பு ஞாயிறு வாழ்த்துகள். என் முட்டி அப்படியேதான் இருக்கிறது, அதைப் பற்றி நீ பேசாதே. உன் கடிதம் நனைந்து வந்தது. அயர்ன் பெட்டியை மேலே வைத்துக் காயவைத்துப் படித்தேன். பதினெட்டு வருஷமாக உன்னிடமிருந்து ஒரு கிறிஸ்துமஸ் கார்டுகூட வந்ததில்லை. நோய் வந்தால்தான் அக்கா ஞாபகம் வருகிறதாடி உனக்கு?

இந்த வியாதிக்கு அவர்கள் என்ன பெயர் வேண்டுமானாலும் வைக்கட்டும். எனக்குத் தெரியும், அந்த மலைக்குளிர்தான் உன் காலைத் தின்கிறது. அப்பாவுக்கும் குளிர் ஏறித்தான் கால் மரத்தது. சின்னையாவிடம் ஒரு பை கொடுத்திருக்கிறேன். முட்டி வரைக்கும் வரும் கம்பளிக் காலுறை இரண்டு ஜோடி, நானே பின்னியது. நல்லெண்ணெய் இரண்டு போத்தல். வெந்நீர்ப் பை ஒன்று. பயிற்சிக்கு முன்னால் சுடுதண்ணீரில் நன்றாகக் குளி. எண்ணெயைச் சூடாக்கித் தேய். கம்பளியைக் கழற்றாதே. கழற்றினாய் என்று லியோனார்ட் சொன்னால் அங்கேயே வந்து உதைப்பேன்.

என் பிள்ளை ராய்ஸ்டன் சிங்கப்பூர் போனதிலிருந்து அவன் அறை பூட்டிக் கிடக்கிறது. அந்தக் குளியலறையில் சுவரோடு ஒரு கைப்பிடி பொருத்தினேன், வாட்டர் ஹீட்டரும் போட்டேன். உனக்காக இல்லை. சும்மாதான்.

மாதா உன்னைத் தன் கைக்குள் வைத்துக்கொள்ளட்டும்.
கத்தரீன்

---

கம்போங் ராஜா
11 மே 2025

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நீயும் நலம்தானே? பை வந்தது. காலுறை மிக நன்றாக இருக்கிறது. லியோனார்ட் பொறாமைப்பட்டு ஒன்றைத் தன் காலில் போட்டுப் பார்த்தார், நடுவில் மாட்டிக்கொண்டது. இழுத்து எடுப்பதற்குள் எனக்குச் சிரித்துச் சிரித்து வயிறு வலித்துவிட்டது.

நீ சொன்னபடிதான் எல்லாம். காலையில் விறகடுப்புச் சுடுதண்ணீரில் குளியல், எண்ணெய், கம்பளி. பிறகு கொட்டகை. காற்று வராமல் லியோனார்ட் பக்கத்துத் திரைகளை எல்லாம் இறக்கிக் கட்டிவிடுகிறார். முதல் நாள் நான்கு சுற்று. இப்போது பத்து. வேர்வை ஊற்றுகிறது. மலையில் பிறந்து வளர்ந்த எனக்கு இப்படி வேர்த்ததே இல்லை. உடம்பு வேலை செய்கிறது என்றுதானே அர்த்தம்?

புனிதா கொடுத்த தாளில் பத்து விதிகள் இருக்கின்றன. லியோனார்ட் சத்தமாகப் படித்தார். ஆறாவது விதி, சூட்டைத் தவிர்க்கவும். "இங்க சூடு எங்க இருக்கு? ஈப்போலேர்ந்து லோரியில ஏத்திட்டு வந்தாத்தான் உண்டு" என்றார். இரண்டு பேரும் சிரித்தோம். கேமரன் மலைக்காரர்களுக்கு அது தேவையில்லை என்று பென்சிலால் அடித்துவிட்டார். மற்ற ஒன்பதையும் வேதவாக்காகப் பின்பற்றுகிறேன்.

பயிற்சி முடிந்ததும் கொஞ்ச நேரம் கண் மங்கலாக இருக்கிறது. இதை எழுதும்போதும் அப்படித்தான். போகப் போகச் சரியாகிவிடும். அக்டோபருக்கு இன்னும் ஐந்து மாதத்துக்கு மேல் இருக்கிறது. எனக்குத்தான் இருப்புக் கொள்ளவில்லை.

வனஸ்ஸா

---

ஈப்போ
18 மே 2025

அன்பு வனி,

பத்துச் சுற்றா! கடைக்கு வந்தவர்கள் எல்லோரிடமும் சொல்லிவிட்டேன். பிளவுஸுக்கு அளவு கொடுக்க வந்தவளிடம் சொல்லிக்கொண்டே அளவைத் தப்பாக எழுதிவிட்டேன்.

ஒன்று கேட்கிறேன், மறைக்காமல் சொல். உன் கடிதத்தின் கடைசி ஆறு வரிகள் வலது பக்கமாகச் சரிந்து இறங்குகின்றன. முப்பது வருஷம் துணி வெட்டிய கண்ணுக்குக் கோணல் தப்பாது. என்ன நடந்தது? சாப்பிடுகிறாயா? தூங்குகிறாயா?

ஜெபத்தோடு,
கத்தரீன்

---

கம்போங் ராஜா
29 ஜூன் 2025

அக்காவுக்கு,

நலம். நலமறிய ஆவல். பதில் தாமதமானதற்கு மன்னித்துவிடு, வீட்டில் வேலை அதிகம்.

மேசை ஆடுகிறது, அதனால்தான் எழுத்து கோணல். லியோனார்ட் கால் வைத்துத் தருவதாகச் சொல்லியிருக்கிறார். இருபது சுற்று நடக்கிறேன். எல்லாம் நன்றாகப் போகிறது. நீ கேள்வி மேல் கேள்வி கேட்காதே. அப்பாவை நர்ஸ் கேட்பாளே, அது ஞாபகம் வருகிறது.

வனஸ்ஸா

---

கம்போங் ராஜா
20 ஜூலை 2025

மரியாதைக்குரிய அக்காவுக்கு,

லியோனார்ட் எழுதுவது. கர்த்தர் கிருபையால் சுகம். தாங்களும் சுகமாக இருக்க வேண்டுகிறேன். நான் எழுதியது வனஸ்ஸாவுக்குத் தெரியக்கூடாது. சின்னையா அண்ணனிடமும் சொல்லி வைத்திருக்கிறேன்.

அவள் கொட்டகையில் மூன்று தரம் விழுந்துவிட்டாள். போன வாரம் கம்பியில் நெற்றி இடித்து வீங்கியது. இருபது சுற்று என்று உங்களுக்கு எழுதியிருப்பாள். நான்கு கூட முடியவில்லை அக்கா. நான்காவதிலேயே கால் துணிமாதிரி துவண்டுவிடுகிறது, ஸ்பூனைப் பிடிக்கக் கை வரவில்லை. உட்கார் என்றால் சண்டைக்கு வருகிறாள். "நான் நிறுத்தினா வீடு போயிரும், நீங்க நிறுத்தச் சொல்லாதீங்க" என்கிறாள். குளிராக இருக்குமோ என்று கொட்டகைக்குள் ஒரு கரியடுப்பும் வைத்துப் பார்த்துவிட்டேன். எனக்கு வேறு என்ன செய்வது என்று தெரியவில்லை.

தங்கள் அன்புள்ள,
லியோனார்ட்

---

கோலா தெர்லா
3 ஆகஸ்ட் 2025

அன்பு அக்கா,

எப்படி இருக்கிறாய்? நான் இப்போது ரோட்டோரத்தில் ஒரு காய்கறிப் பெட்டியின் மேல் உட்கார்ந்திருக்கிறேன்.

காலையில் லியோனார்டோடு சண்டை. கொட்டகைப் பக்கம் போகவே எனக்குப் பிடிக்கவில்லை. இன்றைக்கு வரமாட்டேன் என்று சொல்லிவிட்டுக் குளிக்காமல், சட்டைகூட மாற்றாமல் வெளியே வந்தேன். சின்னையா அண்ணன் லோரியோடு நின்றார், ஏறிக்கொண்டேன். எங்கே என்று கேட்டார், தெரியாது என்றேன். கோலா தெர்லாவில் சரக்கு ஏற்ற வந்த இடத்தில் மண் சரிந்து ரோடு அடைத்துவிட்டது. இரண்டு மணி நேரமாகச் சாரலில் நனைந்துகொண்டு உட்கார்ந்திருக்கிறேன். குளிரில் பல் கிட்டுகிறது. நீ பார்த்தால் அடிப்பாய்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இருபது சுற்று பொய். மேசையும் ஆடவில்லை. விழுகிறேன் அக்கா. எவ்வளவு அதிகமாகப் பயிற்சி செய்கிறேனோ அவ்வளவு மோசமாகிறது. புனிதாவிடம் போகிற இரண்டு தவணையையும் தள்ளிப்போட்டுவிட்டேன். போனால் அவள் முகத்தில் பதில் தெரிந்துவிடும்.

அக்டோபர் வரை இழுப்பானேன் என்று தோன்றுகிறது. ராய்ஸ்டன் அறையைத் திறந்து வை. லியோனார்டுக்கு ஈப்போவில் ஏதாவது வேலை கிடைக்காதா? மாத முடிவில் துரையிடம் சொல்லிவிடலாம் என்றிருக்கிறேன்.

உன் வனி

---

ஈப்போ
7 செப்டம்பர் 2025

என் தங்கைக்கு,

நலம் விசாரிக்க எனக்கு இன்றைக்குத் தகுதியில்லை. நேராக விஷயத்துக்கு வருகிறேன். நீ இன்னும் துரையிடம் போய்ச் சொல்லவில்லை என்று லியோனார்ட் போனில் சொன்னார். போகாதே. முழுவதையும் படி.

ரோட்டோரத்தில் எழுதினாயே, அந்தக் கடிதம் வந்ததும் அறையைத் திறந்தேன். ஜன்னலைக் கழுவினேன். புதுப் படுக்கை விரிப்பு தைத்தேன், நீலத்தில் வெள்ளைப் பூ. தைத்து முடித்துவிட்டு உன் கடிதங்களை எல்லாம் வெட்டுமேசையில் வரிசையாக ஊசி குத்தி வைத்துப் பார்த்தேன். ஏப்ரல் கடிதம் நேர், பயிற்சி ஆரம்பிப்பதற்கு முன்னால் எழுதியது. மே மாதம் பாதி சரிவு. ஜூன் மாதம் முழுதும் சரிவு, கோழி கிளறிய மாதிரி. ஆகஸ்ட் கடிதம்? மழைத்துளி பட்டு மை கரைந்திருக்கிறது. ஆனால் அடிக்கோல் வைத்து எழுதியது போல் நேர். காய்ச்சல் வருகிற குளிரில் உட்கார்ந்து நீ எழுதியதுதான் எல்லாவற்றிலும் அழகான எழுத்து.

காரணம் எனக்குப் புரியவில்லை. ஆனால் யாரையாவது கேட்டால் தெரிந்துவிடும் என்று புரிந்தது. அதனால் கேட்கவில்லை. வனி, சொல்லிவிடுகிறேன், என்னை என்ன வேண்டுமானாலும் நினைத்துக்கொள். உன் எழுத்து கோணக் கோண என் மனசின் ஒரு மூலையில் சந்தோஷமாக இருந்தது. இந்த வீட்டில் சாயங்காலம் ஆனால் பேச ஆள் இல்லை. கடையைப் பூட்டிவிட்டு வந்து டிவியோடு பேசுகிறேன். நீ வருவாய் என்றுதான் கைப்பிடி பொருத்தினேன்.

ஒரு மாதம் வாயை மூடிக்கொண்டிருந்தேன். போன ஞாயிறு நற்கருணை வாங்கப் போய் வரிசையிலிருந்து திரும்பிவிட்டேன். வெள்ளிக்கிழமை உன் கடிதங்களை எடுத்துக்கொண்டு புனிதாவிடம் போனேன். ஒவ்வொன்றாகப் பார்த்தாள்.

"எங்கே பயிற்சி பண்றாங்கக்கா?"

"பூவு போடுற பிளாஸ்டிக் கொட்டகையில."

"அதுக்கு முன்னாடி?"

"சுடுதண்ணிக் குளியல். எண்ணெய். கம்பளி. நான்தான் பின்னிக் குடுத்தேன்."

அந்தப் பெண் தலையில் கை வைத்துக்கொண்டாள். "ஆறாவது பாயிண்ட் படிக்கலையா? உடம்புல சூடு ஏறினா தேஞ்ச நரம்புல கரண்டு இன்னும் மெதுவாயிரும்க்கா. காலு துவளும், கண்ணு மங்கும். சூடு ஆறினா திரும்பி வந்துரும், பயப்பட வேணாம். ஐயோ, குளிர் ஊர்ல இருக்கிறவங்க, வீட்டு வாசல்ல நின்னு செஞ்சாலே போதுமே!" கிளம்பும்போது கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: "பயிற்சியை நிறுத்தச் சொல்லிராதீங்க. இடத்தை மாத்தச் சொல்லுங்க. களைச்சு விழுறதுக்கு முன்னாடியே உட்காரச் சொல்லுங்க. அடுத்த தவணைக்குக் கண்டிப்பா வரச் சொல்லுங்க."

ஐந்து மாதமாக உன் காலில் சூட்டைக் கொட்டியது நான்தான்.

கத்தரீன்

---

கம்போங் ராஜா
28 செப்டம்பர் 2025

அக்காவுக்கு,

முப்பத்தைந்து நாள். நீ எழுத எடுத்துக்கொண்டது. காலண்டரில் எண்ணிப் பார்த்தேன். எனக்கு மொத்தமே எண்பத்தொன்பது நாள்தான் மிச்சம் இருந்தது, அதில் முப்பத்தைந்தை நீ படுக்கை விரிப்பு தைத்துக் கழித்திருக்கிறாய்.

கம்பளியைப் பற்றி எனக்குக் கோபம் இல்லை. அந்த விதியைப் பென்சிலால் அடித்துச் சிரித்தது நாங்கள்தான். ஆனால் தெரிந்த பிறகும் பேசாமல் இருந்தாயே, நான் விழுந்துகொண்டிருப்பது தெரிந்தும்! அதைப் படித்த பிறகு இரண்டு நாள் நான் சாப்பிடவில்லை. லியோனார்ட் உனக்காகப் பரிந்து பேச வந்தார். அவரையும் திட்டினேன்.

கம்பிகளைப் பிடுங்கி வீட்டுக்குப் பின்னால், தேயிலை ஆரம்பிக்கும் இடத்தில் நட்டாயிற்று. காலை ஆறரைக்குப் பனி விலகுவதற்கு முன்னால் நடக்கிறேன். மெல்லிய சட்டை, பச்சைத்தண்ணீர்க் குளியல். லைன் வீட்டுப் பெண்கள் "குளிர்ல சாகப் போறா" என்று வேடிக்கை பார்க்கிறார்கள். புனிதாவிடம் போய் வந்தேன். மூன்று சுற்று, உட்கார், மூன்று சுற்று, உட்கார். உட்காருவதுதான் எனக்குக் கஷ்டம், உனக்குத் தெரியும். நேற்று பதினெட்டு. இது உண்மையான பதினெட்டு.

இன்னும் முப்பத்து மூன்று நாள். போதுமா என்று தெரியவில்லை. இப்போதைக்கு எனக்கு எழுதாதே.

வனஸ்ஸா

---

ஈப்போ
5 அக்டோபர் 2025

வனிக்கு,

எழுதாதே என்றாய். ஒரே ஒரு வரிதான், பிறகு நீ சொல்லும் வரை பேனாவைத் தொடமாட்டேன். என்னைத் திட்டி இரண்டு பக்கம் எழுதியிருக்கிறாயே, அதை மேசையில் விரித்து அடிக்கோல் வைத்துப் பார்த்தேன், ஒரு எழுத்துகூடச் சரியவில்லை.

கத்தரீன்

---

கம்போங் ராஜா
2 நவம்பர் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். உன் முட்டிவலி எப்படி? போன கடிதத்தில் கேட்கவில்லை. வேண்டுமென்றேதான் கேட்கவில்லை.

முப்பத்தொன்றாம் தேதி நடந்ததைச் சொல்கிறேன். மூன்று நாளாக விடாத மழை. எல்லோரும் ஐயோ பாவம் என்றார்கள், நான் உள்ளுக்குள் குதித்துக்கொண்டிருந்தேன். எட்டு மணிக்கு வருவதாகச் சொன்ன துரை கூட்டத்தில் மாட்டிக்கொண்டு பதினொன்றுக்கு வந்தார். அதற்குள் மேகம் விலகி நல்ல வெயில்! அந்த மூன்று மணி நேரம் நான் நின்ற இடத்தில் நிற்கவில்லை, லியோனார்ட் பிடித்துப் பிடித்து நிழலில் உட்காரவைத்தார். "இன்னொரு நாளைக்கு வெச்சுக்கலாம்னு கேளு" என்றார். கேட்டால் முடியாது என்று அர்த்தமாகிவிடும். துண்டை ஓடையில் நனைத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டு, ஊன்றுகோலை எடுத்துக்கொண்டு ஏறினேன்.

பத்து நிரைத் தேயிலையைத் தாண்டி ஏறினேன், உட்கார்ந்தேன். எழுந்து எட்டு நிரை, மறுபடியும் உட்கார்ந்தேன். லியோனார்ட் துண்டை நனைத்து நனைத்துக் கொடுத்தார். பாதியில் கண் மங்கியது. துரை குடையைப் பிடித்துக்கொண்டு, "போதும் வனஸ்ஸா, எத்தனை தரம்தான் உட்காருவே?" என்றார். "துரை, உட்கார்றது தோத்துப்போனது இல்ல. அதுதான் என் பயிற்சி. அஞ்சு நிமிஷம் குடுங்க" என்றேன். அவர் நின்றார். ஐந்து நிமிஷம் கழித்துக் கண் தெளிந்தது, கால் திரும்பி வந்தது. முன்பு இருபது நிமிஷத்தில் ஓடி ஏறிய மலை. இந்தத் தரம் ஒரு மணி நாற்பது நிமிஷம். ஆனால் உச்சியில் நின்றேன் அக்கா. நின்று கீழே பார்த்தேன்.

துரை குடையை மடக்கினார். பிறகு சொன்னார்: "ஏறிட்டே. ஆனா மண்டோருக்கு இந்த வேகம் பத்தாது லா, உனக்கே தெரியும். காலையில ஆறரைக்கு வந்து நாலாம் நம்பரைப் பாரு, அது தட்டை. வெயில் ஏறினதும் கொழுந்து நிறுக்கிற இடத்துல உட்காரு. ஒன்பதாம் நம்பர் வேற ஆளுக்கு." வீடு இருக்கிறது. வேலை இருக்கிறது. ஒன்பதாம் நம்பர் போய்விட்டது. அன்று வீட்டுக்கு வந்து அழுதது அதற்காகத்தான். லியோனார்ட் சந்தோஷத்தில் அழுகிறேன் என்று நினைத்துக் கோழி வாங்கி வந்துவிட்டார். சொல்லவில்லை, சாப்பிட்டுவிட்டேன்.

உன்மேல் இருந்த கோபம் முழுவதும் போகவில்லை. பாதி மலை ஏறியிருக்கிறேன் என்று வைத்துக்கொள். ஆனால் நீ வாயைத் திறக்காமலே இருந்திருந்தால் நான் இப்போது உன் வீட்டில் நீலப் படுக்கையில் படுத்திருப்பேன், உனக்குப் பேச ஆள் கிடைத்திருக்கும். அதை விட்டுக்கொடுத்துவிட்டுத்தான் புனிதாவிடம் போனாய். மலையில் உட்கார்ந்திருந்தபோதெல்லாம் அதைத்தான் நினைத்தேன்.

உன் கம்பளிக் காலுறையைத் தூக்கி எறிந்துவிட்டேன் என்று நினைக்காதே. ஊன்றுகோலின் பிடியில் சுற்றித் தைத்திருக்கிறேன். வழுக்காமல் இருக்கிறது. தையலைப் பார்த்தால் சிரிப்பாய்.

கிறிஸ்துமஸுக்கு வருகிறேன், ஒரு வாரம். அந்த ஹீட்டரை நிறுத்திவிட்டு நல்ல காற்றாடியாக ஒன்று மாட்டு. பிறகு நீ கடையைப் பூட்டிவிட்டு என்னோடு மேலே வா, பொங்கல் வரை இரு, இங்கேயும் சாயங்காலத்தில் பேச ஆள் வேண்டும். இந்த நோய் என்னைவிட்டுப் போகாது. ஒரு நாள் ஆறரை மணிப் பனியும் எனக்குப் போதாமல் போகலாம். அதனால் குளியலறையில் பொருத்தினாயே, அந்தக் கைப்பிடியை மட்டும் கழற்றிவிடாதே.

உன் வனி